மௌனப்பட நடிப்பு என்றால் என்ன? லான் சேனியின் வாழ்க்கை வழியாக ஓர் அறிமுகம்

மௌனப்பட நடிப்பு என்றால் கண்ணை உருட்டுவது, நெஞ்சில் அடித்துக்கொள்வது, கையையும் காலையும் வேகவேகமாக ஆட்டுவது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. காரணம் எளிது. பழைய படங்களைக் கேலி செய்யும் காட்சிகளைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம், பழைய படங்களைப் பார்த்தது குறைவு. 1900க்கும் 1930க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் உருவாகி, உச்சம் தொட்டு, சட்டென்று முடிந்துபோன ஒரு தனிக்கலை அது. அதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு நடிகரைப் பின்தொடர்ந்தால் போதும் என்பது என் நம்பிக்கை. அமெரிக்க நடிகர் லான் சேனியை நான் தேர்ந்தெடுக்கிறேன். அவரை 'ஆயிரம் முகங்கள் கொண்ட மனிதர்' என்பார்கள். ஆனால் அவருடைய நடிப்பின் ரகசியம் முகத்தில் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன் வேகத்தைப் பற்றிய குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அந்தக் காலக் கேமராவை ஒளிப்பதிவாளர் கையால் சுற்றுவார். விநாடிக்கு 16 சட்டகங்களும் (தனித்தனிப் படங்களும்) வரலாம், 20 சட்டகங்களும் வரலாம். ஒலி வந்த பிறகுதான் விநாடிக்கு 24 என்று கட்டாயமானது. 16 சட்டகங்களில் எடுத்த படத்தை 24இல் ஓட்டினால் எல்லாம் ஒன்றரை மடங்கு வேகமாக நகரும். துக்க வீட்டுக்குப் போகிறவர்கூட ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்போலத் தெரிவார். தொலைக்காட்சியில் பல பத்தாண்டுகளாக நாம் பார்த்த துண்டுப் படங்கள் பெரும்பாலும் இப்படித் தவறான வேகத்தில் ஓடியவைதான். சரியான வேகத்தில் பார்த்தால் அந்த நடிகர்கள் நிதானமாக நடக்கிறார்கள், யோசிக்கிறார்கள், தயங்குகிறார்கள்.

இப்போது நடிப்புக்கு வருவோம். நாடக மேடையில் நடிகருக்கு இரண்டு கருவிகள்: குரல், உடல். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் எட்ட வேண்டும் என்பதால் இரண்டையுமே பெரிதாக்க வேண்டும். சினிமா வந்தது. குரலைப் பிடுங்கிக்கொண்டது. பதிலுக்கு, பார்வையாளரை நடிகரின் முகத்துக்கு இரண்டடி தூரத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தது. இழந்ததும் பெற்றதும் ஒரே நேரத்தில் நடந்தன. தொடக்க கால நடிகர்கள் பலர் இழப்பை மட்டுமே கவனித்தார்கள். குரல் இல்லாததை ஈடுகட்ட மேடைச் சைகைகளை இன்னும் பெரிதாக்கினார்கள். மிகை நடிப்பு என்று நாம் சொல்வது அங்கிருந்து வந்தது. நல்ல நடிகர்கள் மெதுவாக வேறொன்றைக் கண்டுகொண்டார்கள். கேமரா அருகில் இருக்கிறது, ஆகவே குறைத்தால் போதும். ஆனால் வசனம் இல்லை, ஆகவே குறைத்தது தெளிவாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒருசேரச் சாதிப்பதுதான் மௌனப்பட நடிப்பு.

காட்சிகளுக்கு இடையே வசனத்தை எழுத்தில் காட்டும் வசன அட்டைகள் இருந்தனவே என்று கேட்கலாம். இருந்தன. ஆனால் அட்டை வரும்போதெல்லாம் படம் நின்றுவிடும், நடிகர் திரையிலிருந்து மறைந்துவிடுவார். அதனால் அட்டைகளைக் குறைத்து, கதையை உடலாலேயே சொல்ல வைப்பதை நல்ல இயக்குநர்கள் பெருமையாக நினைத்தார்கள். இன்னொன்று: படம் மௌனமாக இருந்தாலும் அரங்கம் மௌனமாக இருந்ததில்லை. பியானோ, ஆர்கன், பெரிய ஊர்களில் முழு வாத்தியக் குழு என்று இசை ஓடிக்கொண்டே இருந்தது. படப்பிடிப்புத் தளத்திலேயே வயலின் வாசிக்க ஆள் வைத்து, நடிகரை அந்த மனநிலைக்குக் கொண்டுவருவதும் வழக்கம்.

லான் சேனி 1883 ஏப்ரல் 1 அன்று கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் பிறந்தார். தந்தை முடிதிருத்துநர். தந்தைக்கும் காது கேட்காது, தாய்க்கும் கேட்காது. தாய்வழித் தாத்தா கொலராடோ மாநிலத்தில் காது கேளாதோருக்கான பள்ளியைத் தொடங்கியவர். ஆக, சைகை மொழி புழங்கும் வீட்டில்தான் அந்தக் குழந்தை வளர்ந்தது. அவருக்குப் பத்து வயதாகும் சமயத்தில் தாய் கடுமையான முடக்குவாதத்தில் படுத்த படுக்கையானார். சேனி நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டார். தெருவில் யார் போனார்கள், யார் சண்டை போட்டார்கள், கடைக்காரர் எப்படி முகத்தைச் சுளித்தார் என்று அன்றன்றைய ஊர்ச் செய்தியை எல்லாம் அம்மாவின் கட்டிலருகே நின்று நடித்துக் காட்டுவார்.

அம்மாவுக்குக் காது கேட்காது, குரல் பயன்படாது. அவரோ நோயாளி, பக்கத்தில் இருக்கிறார். பெரிய பெரிய சைகைகள் தேவையில்லை. ஆனால் எல்லாம் தெளிவாகப் புரிய வேண்டும். சினிமா கேமரா பின்னாளில் ஒரு நடிகரிடம் என்ன கேட்டதோ, அதையே அந்தத் தாய் அந்தப் பையனிடம் கேட்டார். சேனியின் நடிப்புக்கு ஒரே காரணம் இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதைவிடச் சிறந்த பயிற்சி ஒரு மௌனப்பட நடிகருக்கு வாய்த்திருக்க முடியாது.

மேடைக்கு அவர் வந்தது பின்வாசல் வழியாக. உள்ளூர் நாடக அரங்கில் அரங்கப் பொருள்களை எடுத்துவைக்கும் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். 1902 வாக்கில் நடிக்கத் தொடங்கி, பிறகு பத்தாண்டுக்கும் மேல் ஊர் ஊராகச் சுற்றும் இசை நாடகக் குழுக்களில் பாடினார், ஆடினார், கோமாளி வேடம் கட்டினார், நடனம் அமைத்தார், மேடை நிர்வாகமும் பார்த்தார். அங்கே ஒப்பனைக்கென்று தனியாக ஆள் கிடையாது. அவரவர் பெட்டி அவரவர் கையில். ஒரே இரவில் கிழவராகவும் இளைஞராகவும் வர வேண்டியிருக்கும்.

அந்த ஓட்டத்தில்தான் கிளிவா கிரைட்டன் என்ற இளம் பாடகியை மணந்தார். 1906இல் மகன் பிறந்தான். மணவாழ்க்கை கசந்தது. 1913 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் மெஜஸ்டிக் அரங்கில் சேனி வேலையில் இருந்தபோது கிளிவா அங்கே வந்து நஞ்சருந்தினார். உயிர் பிழைத்தார். ஆனால் பாடும் குரல் போய்விட்டது. விவாகரத்தும் அவதூறும் சேர்ந்து சேனியை நாடக உலகிலிருந்து வெளியே தள்ளின. அன்று சினிமா என்பது நாடகக்காரர்கள் மதிக்காத தொழில். வேறு வழியில்லாமல்தான் அவர் யுனிவர்சல் ஸ்டுடியோவின் வாசலில் போய் நின்றார். 1915இல் ஹேசல் ஹேஸ்டிங்ஸை மணந்தார். கடைசிவரை அந்த வாழ்க்கை நிலைத்தது.

யுனிவர்சலில் அடுத்த சில ஆண்டுகள் ஒரு ரீல், இரண்டு ரீல் குறும்படங்களில் கிடைத்த வேடமெல்லாம் போட்டார். கையோடு ஒப்பனைப் பெட்டி கொண்டுவரும் துணை நடிகருக்கு அங்கே நல்ல கிராக்கி. காலையில் தாடிவைத்த கடற்கொள்ளையர் வேண்டும் என்றாலும் அவர்தான், மாலையில் கூன் விழுந்த முதியவர் வேண்டும் என்றாலும் அவர்தான். ஜோசப் டி கிராஸ், ஐடா மே பார்க் என்ற கணவன்–மனைவி இயக்குநர் இணை அவருக்குக் கனமான வேடங்களைத் தந்தது. ஆனால் சம்பளத்தை உயர்த்த நிறுவனம் மறுத்ததால் வெளியேறினார்.

திருப்புமுனை 1919இல் வந்த 'தி மிராக்கிள் மேன்'. மோசடிக் கும்பல் ஒன்று, நோய்களைக் குணமாக்குவதாகச் சொல்லப்படும் ஒரு முதியவரை வைத்துப் பணம் பண்ணப் பார்க்கிறது. கும்பலில் 'தவளை' என்று ஒருவன். அவனுடைய வேலை, உடம்பை முறுக்கி முடவனாக நடிப்பது. அந்தத் தவளைதான் சேனி. முழுப் படமும் தொலைந்துவிட்டது. நல்லவேளையாகச் சில நிமிடங்கள் மிஞ்சியிருக்கின்றன, அதில் இந்தக் காட்சியும் உண்டு. ஊரே கூடி நிற்க, தவளை மண்ணில் ஊர்ந்து முதியவரை நோக்கிப் போகிறான். பிறகு 'குணமாகிறான்'. முறுக்கிய கை ஒன்று பிரிகிறது, பிறகு கால், பிறகு முதுகு. எல்லாமே பொய். பார்க்கிற நமக்கும் அது பொய் என்று தெரியும். அப்படியும் அந்த உடல் நிமிரும்போது நம் முதுகும் சேர்ந்து நிமிர்கிறது. அப்போது கூட்டத்திலிருந்து உண்மையிலேயே கால் ஊனமான ஒரு சிறுவன் ஊன்றுகோல்களைப் போட்டுவிட்டு நடந்து வருகிறான். அதைப் பார்க்கிற தவளையின் திகைப்பை சேனி காட்டும் விதத்தைக் கவனியுங்கள். இவ்வளவு நேரம் உடம்பு முழுவதையும் இயக்கிய ஆள், இப்போது எதையும் இயக்காமல் நிற்கிறார். பொய் பேசும்போது நிறைய அசைவு, உண்மை எதிரே வரும்போது அசைவே இல்லை. ஒரு வார்த்தை பேசாமல் ஒரு மனிதனின் இரண்டு நிலைகளை நமக்கு உணர்த்திவிடுகிறார்.

ஒப்பனையைப் பற்றி

சேனி என்றாலே எல்லோரும் பேசுவது அவருடைய ஒப்பனையைத்தான். "அந்தச் சிலந்தியை மிதிக்காதே, அது லான் சேனியாக இருக்கப்போகிறது" என்பது அந்நாளில் அமெரிக்கா முழுவதும் புழங்கிய நகைச்சுவை. 1929இல் வந்த பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியப் பதிப்பில் திரைப்பட ஒப்பனை பற்றி எழுதியவரும் அவரே. நான்காம் வகுப்போடு படிப்பை விட்டவருக்குக் கிடைத்த அந்த மரியாதை எனக்கு எப்போதும் நிறைவு தருகிறது.

அன்றைய ஒப்பனையைப் புரிந்துகொள்ள ஒரு தொழில்நுட்பச் செய்தி தெரிய வேண்டும். 1920களின் நடுப்பகுதிவரை பெரும்பாலும் புழங்கிய பிலிம் சுருளுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. சிவப்பு எல்லாம் கறுப்பாகப் பதிவாகும். நீலம் வெளுத்துப்போகும். சாதாரணமாகச் சிவந்திருக்கும் உதடும் கன்னமும் திரையில் அழுக்குப் படிந்ததுபோல இருக்கும். நீலக் கண்கள் பால்போல வெளிறிவிடும். ஆகவே ஒப்பனை என்பது அழகுக்கான பூச்சு மட்டுமல்ல. பிலிமின் குறையை அறிந்து, ஒளியும் நிழலும் எங்கே விழ வேண்டும் என்று முகத்தில் எழுதும் வேலை.

1925இல் வந்த 'தி ஃபேன்டம் ஆஃப் தி ஓப்ரா' படத்துக்கு சேனி செய்ததைப் பாருங்கள். பாரிஸ் இசை நாடக அரங்கின் நிலவறையில் ஒளிந்து வாழும், முகம் சிதைந்த மனிதன் எரிக் வேடம். பஞ்சை வைத்து, கொலோடியன் என்ற ஒட்டும் திரவத்தை மேலே பூசிக் கன்ன எலும்புகளை உயர்த்தினார். மூக்கின் நுனியை மெல்லிய மீன்தோல் பட்டையால் மேலே இழுத்து ஒட்டினார். கண்குழிகளையும் மூக்குத் துளைகளையும் கறுப்பு மையால் ஆழமாக்கினார். பஞ்சு, பசை, மை, மீன்தோல். அவ்வளவுதான் பொருள்கள். வந்ததோ ஒரு மண்டையோடு. படம் வெளியாகும்வரை அந்த முகத்தை யுனிவர்சல் நிறுவனம் வெளியே காட்டவே இல்லை.

முகமூடி கழலும் காட்சியில் எரிக் நம்மைப் பார்த்தபடி ஆர்கன் வாசித்துக்கொண்டிருக்கிறார். பின்னால் மேரி ஃபில்பின் நடித்த கிறிஸ்டீன், ஓசைப்படாமல் நெருங்கி, கையை நீட்டி, பயந்து இழுத்துக்கொண்டு, மறுபடி நீட்டி, கடைசியில் முகமூடியைப் பறித்துவிடுகிறார். பின்னால் நிற்பதால் அவருக்கு முகம் தெரியாது. நமக்குத் தெரிகிறது. முதல் அதிர்ச்சி நமக்கு, பிறகுதான் அவருக்கு. இதை இயக்குநரின் திறமை என்று சொல்லலாம். ஆனால் அந்த முதல் விநாடியில் சேனி கோபத்தைக் காட்டுவதில்லை. வாய் பிளக்கிறது, கண் விரிகிறது. பிடிபட்டவரின் முகம் அது. கோபம் பிறகுதான் வருகிறது. முகமூடியைப் பறிகொடுத்த மனிதரும் நம்மோடு சேர்ந்து அதிர்கிறார் என்பதால்தான் நூறாண்டுகள் தாண்டியும் அந்தக் காட்சி வெறும் பேய்க்கதையாக மாறவில்லை.

அதற்கு இரண்டாண்டு முன், 1923இல், விக்டர் ஹியூகோவின் நாவலிலிருந்து எடுத்த 'தி ஹன்ச்பேக் ஆஃப் நாட்டர்டாம்' படத்தில் கூனன் குவாசிமோடோவாக நடித்து உலகப் புகழ் பெற்றிருந்தார். தேவாலய மணி அடித்து அடித்துக் காது கேளாமல் போனவன் குவாசிமோடோ. அந்த வேடத்துக்கு வேறு யாரால் இவ்வளவு அறிவோடு போயிருக்க முடியும்? கூனின் எடை 30 கிலோவுக்கும் மேல் என்று அன்று விளம்பரம் செய்தார்கள். பின்னர் ஆராய்ந்தவர்கள் அதில் பெரும்பகுதி விளம்பரக் கதை என்கிறார்கள். சேனியின் வலியைப் பற்றிய கதைகள் பலவும் இப்படி ஊதிப் பெருத்தவைதான். ஆனால் 1920இல் வந்த 'தி பெனால்டி' பற்றிச் சொல்வது உண்மை. கால்கள் வெட்டப்பட்ட கொள்ளைத் தலைவன் வேடத்துக்காகக் கால்களை முழங்காலில் மடக்கிப் பின்புறம் கட்டிக்கொண்டு, தோல் உறைகளில் முழங்காலை வைத்து நடந்தார். சிறிது நேரத்துக்கு மேல் தாங்க முடியாது. கட்டை அவிழ்த்து ரத்த ஓட்டம் திரும்பிய பிறகுதான் அடுத்த காட்சி.

ஒப்பனையே இல்லாமல் என்ன செய்வார்?

இந்தக் கேள்விக்கு விடை 1927இல் வந்த 'தி அன்நோன்'. இயக்கியவர் டாட் பிரவுனிங். சேனியோடு பத்துப் படங்கள் செய்தவர். அதில் முகத்தில் பஞ்சும் இல்லை, மையும் இல்லை. அலோன்சோ என்ற சர்க்கஸ்காரன், கைகள் இல்லாதவன்போல நடித்து, காலால் கத்தி எறிகிறான். உண்மையில் அவனுக்குக் கைகள் உண்டு. போலீசுக்குப் பயந்து இறுகக் கட்டி மறைத்திருக்கிறான். அவன் காதலிக்கும் நேனனுக்கு ஆண்களின் கைகள் என்றாலே அருவருப்பு. நேனனாக நடித்தவர் இளம் ஜோன் கிராஃபோர்ட். கேமராவுக்கு முன் நடிப்பது என்றால் என்ன என்பதை சேனியைப் பார்த்தே கற்றதாகப் பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார்.

ஒரு காட்சியில் அலோன்சோ தன் அறையில் கட்டுகளை அவிழ்த்துவிட்டு, கைகள் இரண்டும் சும்மா இருக்க, யோசனையில் ஆழ்ந்தபடி காலாலேயே சிகரெட்டைப் பற்றவைக்கிறான். பக்கத்தில் இருக்கும் நண்பன் பார்த்துச் சிரிக்கிறான்: உனக்குக் கை இருப்பதையே மறந்துவிட்டாயே! அப்போது சேனியின் முகத்தில் ஒரு எண்ணம் பிறப்பதை நாம் பார்க்கிறோம். கைகளை வெட்டிக்கொண்டால் அவள் தன்னை ஏற்பாள் என்ற எண்ணம். அட்டை தேவைப்படுவதே இல்லை. காலால் செய்யும் வேலைகளில் பலவற்றைச் செய்தவர் பிறவியிலேயே கைகள் இல்லாத ஒரு கலைஞர். மேலே சேனியின் உடல், கீழே அந்தக் கலைஞரின் கால்கள். ஒட்டு தெரியாது.

அறுவைச் சிகிச்சை முடிந்து கைகள் இல்லாமல் திரும்பி வருகிறான் அலோன்சோ. நேனன் ஓடிவந்து மகிழ்ச்சியாகச் செய்தி சொல்கிறாள்: கைகள்மீது இருந்த பயம் போய்விட்டது, சர்க்கஸ் பயில்வானை மணக்கப்போகிறேன். சேனி சிரிக்கத் தொடங்குகிறார். மற்ற இருவரும் அவரோடு சேர்ந்து சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு நிற்காமல் வளர்ந்து, எந்த விநாடியில் என்று சுட்டிக்காட்ட முடியாதபடி, ஓலமாக மாறுகிறது. குரல் இருந்திருந்தால் மாறிய இடத்தைக் காது கண்டுபிடித்திருக்கும். குரல் இல்லாததால் மாற்றம் முழுவதும் முகத்திலும் தோளிலும் மட்டுமே நடக்கிறது. மௌனம் ஒரு குறை அல்ல, அதுவே ஒரு கருவி என்று யாருக்காவது விளக்க வேண்டுமானால் இந்த ஒரு நிமிடத்தைக் காட்டினால் போதும்.

மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. சேனியின் படங்கள் பலவற்றில் உடல் குறையும் குற்றமும் ஒன்றோடொன்று பிணைந்தே வருகின்றன. அவர் அந்த மனிதர்களுக்குக் கண்ணியம் தேடியவர்தான், ஆனால் கதைகள் அப்படிப்பட்டவை. சீனப் பாத்திரங்களிலும் நடித்தார். 1927இல் 'மிஸ்டர் வூ' படத்தில் சீனராக சேனி, அவர் மகளாக ஒரு பிரெஞ்சு நடிகை. சீன வம்சாவளி நடிகை அன்னா மே வோங்குக்குக் கிடைத்தது துணைவேடம். அன்றைய ஹாலிவுட்டின் அநீதி இது. கலையை வியக்கும்போதும் இதைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

1927 அக்டோபரில் பேச்சும் பாட்டும் கொண்ட 'தி ஜாஸ் சிங்கர்' வெளியானதும் பேசும்படம் வெள்ளமாகப் புகுந்தது. சேனி சுமார் மூன்று ஆண்டுகள் தள்ளிப்போட்டார். கடைசியில் தன் பழைய மௌனப்படம் ஒன்றையே மறுபடி பேசும்படமாக எடுக்க ஒப்புக்கொண்டார்: 'தி அன்ஹோலி த்ரீ'. உதடு அசைக்காமல் குரல் மாற்றிப் பேசும் வித்தைக்காரன் வேடம். 1925இல் அதே வேடத்தை ஒலியே இல்லாமல் செய்தவர், 1930இல் ஐந்து குரல்களில் பேசினார். எல்லாமே தன் குரல்தான் என்று சத்தியப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டுக்கொடுத்தார். ஜூலையில் படம் வந்தது. ஆகஸ்ட் 26 அன்று, 47 வயதில், நுரையீரல் புற்றுநோய் முற்றி, தொண்டையில் ரத்தப்போக்கு ஏற்பட்டு இறந்தார். கடைசி நாள்களில் பேச முடியாமல் சைகையில்தான் பேசினார்.

அவர் நடித்தவை ஏறக்குறைய 150 படங்கள். மூன்றில் இரண்டு பங்கு தொலைந்துவிட்டன. அன்றைய படச்சுருளான நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும், தானே மட்கும். பேசும்படம் வந்ததும் பழையவற்றைக் காப்பாற்ற நிறுவனங்களுக்கு அக்கறையும் இல்லை. அவருடைய மிகப் புகழ்பெற்ற தொலைந்த படம் 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்'. அதன் கடைசிப் பிரதி 1960களில் எம்ஜிஎம் படநிறுவனத்தின் கிடங்குத் தீயில் அழிந்தது என்கிறார்கள். நமக்கு மிஞ்சியிருப்பது நிழற்படங்கள் மட்டுமே.

இருப்பவற்றைப் பார்க்க விரும்புகிறவர்கள் 'ஃபேன்டம்' படத்திலிருந்து தொடங்கலாம். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 1925 வடிவம், 1929இல் திருத்தி வெளியிட்ட வடிவம் என்று இரண்டு உண்டு. படத் தெளிவு வேண்டுமென்றால் இரண்டாவது. இசை சேர்த்த பிரதியாகத் தேடுங்கள், மௌனப்படத்தை நிசப்தத்தில் பார்ப்பது அதற்கு இழைக்கும் அநியாயம். அடுத்து 'தி அன்நோன்'. நெடுங்காலம் 50 நிமிட அளவிலான பிரதிதான் கிடைத்துவந்தது. அமெரிக்காவின் ஈஸ்ட்மன் அருங்காட்சியகம் அண்மையில் காணாமல் போன பகுதிகளைச் சேர்த்துச் சீரமைத்திருக்கிறது, முடிந்தால் அதைப் பாருங்கள். மூன்றாவதாக, 1924இல் வந்த 'ஹி ஹூ கெட்ஸ் ஸ்லாப்ட்'. எம்ஜிஎம் நிறுவனம் உருவானதும் தயாரித்த முதல் படம் அது. தன் ஆராய்ச்சியையும் மனைவியையும் ஒரு பிரபுவிடம் பறிகொடுத்து, அறையும் வாங்கிய அறிவியலாளர், சர்க்கஸில் தினமும் அறை வாங்கும் கோமாளியாக மாறுகிறார். முதல் முறை கதைக்காகப் பாருங்கள். இரண்டாம் முறை, அட்டைகளைப் படிக்காமல், சேனியின் கைகளை மட்டும் பாருங்கள்.